முள்ளிக்கழிப் பாலத்துக்கு எத்தனை கண்?

"மனித நாகரிகம் என்பது வேறொன்றுமில்லை. எழுப்பியபின் விழாமல் நின்றவற்றின் வரலாறு, அவ்வளவுதான்" என்று மேலாண்மை இயக்குநர் சத்தியசீலன் அறிவித்த அதே கணத்தில் மேடையின் இடது பக்கம் நான்கு அங்குலம் கீழே இறங்கியது. குத்துவிளக்கு சாய்ந்தது. எண்ணெய் வழிந்து, டெல்லியிலிருந்து வந்திருந்த விருந்தினரின் செருப்புவரை போய் நின்றது. பந்தல்காரர் ஓடி வந்து மேடைக்கு அடியில் புகுந்தார். 'டொக்'கென்று ஒரு சத்தம். மேடை மட்டமானது. எதை வைத்து முட்டுக் கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. சத்தியசீலன் விட்ட இடத்திலிருந்து நாகரிகத்தைத் தொடர்ந்தார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசிக்குக் கொட்டாவி வந்தது. கைக்குட்டையை வாய்க்கு முன்னால் வைத்து, உணர்ச்சிவசப்பட்டதுபோல் காட்டிக்கொண்டாள்.

அது நிழல்களின் தொடக்க விழா. தென்கடற்கரை விரைவுப்பாதைக் கழகம், கடலோரமாக நூற்றுப்பதினெட்டு கிலோமீட்டருக்குச் சாலையும் தண்டவாளமும் போட்டுக்கொண்டிருந்தது. சரியாகச் சொன்னால், போடுவதற்கான வரைபடங்களுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தது. படம் வரைந்து கொடுத்த ஆலோசனை நிறுவனத்தில் மங்கை தலைமை வடிவமைப்பாளர். முப்பது வருட அனுபவம். அதில் பாதி, அதிகாரிகளின் அறைவாசலில் சுருட்டிய தாளோடு நின்ற அனுபவம்.

ஒரு வரைபடம் முப்பத்தோரு மேசைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையும் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். குறை சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அந்த அதிகாரி படத்தைப் பார்க்கவில்லை, அல்லது வேறெதையோ பார்த்துவிட்டார் என்று பொருள். ஆகவே எல்லோரும் குறை சொன்னார்கள். ஒரு குறையைத் திருத்தினால் முன்பு சொன்னவரின் குறை கெட்டுப்போகும். படம் மறுபடி முதல் மேசைக்குப் போகும். ஒரு தூணுக்குப் பதினான்கு மாதம் ஆனது. தூண்களோ நாலாயிரத்துச் சொச்சம்.

இதைத்தான் நிழல்கள் தீர்த்தன. முப்பத்தோரு அதிகாரிகளும் தங்கள் பணிக்காலம் முழுதும் கோப்புகளில் எழுதிய குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் இயந்திரத்துக்குள் வளர்க்கப்பட்டது. இந்தப் படத்தைப் பார்த்தால் இவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கு முன்பே நிழல் சொல்லிவிடும். வடிவமைக்கும் இயந்திரம் அதைக் கேட்டுத் திருத்தும். நிழல் மறுபடி பார்க்கும். அந்தப் பதினான்கு மாதம் பதினோரு நிமிடமானது. அதிகாரி செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: காலையில் கருவியில் கட்டைவிரலை வைத்து, தான் உயிரோடிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். செத்தவரின் நிழலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கைதட்டல் அடங்கவில்லை. மங்கையும் தட்டினாள். மனதாரத்தான் தட்டினாள். இனி வாசலில் நிற்க வேண்டாம்.

மூன்று வருடம் யாரும் வாசலில் நிற்கவில்லை.

நாலாவது வருடம் புரட்டாசியில், ஒரு திங்கட்கிழமை காலை, மங்கையின் கைப்பேசித் திரையில் காஜா முகைதீன் தெரிந்தார். களத்தில் பொறுப்பாளர், இருபது வருடமாகச் சிமெண்ட் தூசியில் நின்று, புருவம் நிரந்தரமாக நரைத்த மனிதர். அவர் பின்னால் உப்பளம் வெள்ளையாக விரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மேடம், நானூத்திப் பதினேழாம் நம்பர் டிராயிங். முள்ளிக்கழி. கொஞ்சம் தொறந்து பாருங்க."

"என்ன காஜா, கம்பி இடிக்குதா?"

"கம்பியெல்லாம் ஜோரா இருக்கு. சிறுபாலத்துக்கு ரெண்டு கண்ணுதான் போட்டிருக்கு. பழைய ரோட்டுல அஞ்சு கண்ணு."

மங்கை படத்தைத் திறந்தாள். முள்ளிக்கழியில் பாதை தூண்மேல் போகவில்லை, மண்மேட்டின்மேல் போகிறது. ஊருக்கு மேற்கே ஏரி, கிழக்கே உப்பங்கழி. ஏரி நிரம்பினால் தண்ணீர் கழிக்கு ஓட, மேட்டுக்குக் குறுக்கே ஒரே வழி இந்தச் சிறுபாலம். ஏரிக்கும் மேட்டுக்கும் நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தண்ணீர் புகுந்து போக இரண்டே கண்.

"பழைய பாலத்துல அஞ்சுமே தேவையான்னு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். திரை முழுக்க அவள் முகமானது.

"நீங்கதாம்மா படம் போட்டவங்களா? நான் பாஞ்சாலி, வார்டு மெம்பரு. ஐப்பசி அடமழையில அஞ்சு கண்ணும் மூச்சுமுட்டத்தான் போவும். அப்படியும் எங்க வூட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துட்டுத்தான் வடியும். ரெண்டு வெச்சா அது எங்க போவும்?"

"பாக்குறேங்க. கணக்குல ஏதாவது..."

"கணக்கு கெடக்கட்டும். தண்ணி எங்க போவும், அத்த மட்டும் சொல்லுங்க."

மங்கை திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள். தண்ணீர் எங்கே போகும் என்று அதில் இருந்தது. பாஞ்சாலியின் வீட்டுக்குத்தான் போகும்.

காஜா கைப்பேசியைத் திரும்ப வாங்கினார். "வியாழக்கிழமை அடித்தளம் ஊத்தணும் மேடம். நானா அஞ்சு கண்ணு வெக்கலாம்னா ஆலை ஒத்துக்காது. ஒப்புதல் ஆன படத்துல எவ்வளவு இருக்கோ, அவ்வளவு கான்கிரீட்தான் கலக்கும். ஒரு பாண்டு சட்டி கூட எக்ஸ்ட்ரா கேட்டாலும் சைரன் அடிக்குது."

"வியாழனுக்குள்ள ஏதாவது செய்யறேன்."

"செய்யுங்க. இந்தம்மா தினமும் காலையில வந்து என் நாற்காலியில உக்காந்துடறாங்க."

"உக்காருவேன்" என்று பாஞ்சாலியின் குரல் திரைக்கு வெளியிலிருந்து கேட்டது.

நானூற்றுப் பதினேழாம் படத்தின் வரலாற்றை மங்கை முதலிலிருந்து புரட்டினாள். வடிவமைக்கும் இயந்திரம் முதலில் வரைந்தபோது ஆறு கண் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த திருத்தத்தில் ஐந்து. அப்போதும் யாரும் கேட்கவில்லை. நாலு, மூன்று. இயந்திரத்துக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. யாரும் குரல் கொடுக்காத இடத்தில் அது நறுக்கிக்கொண்டே போயிருந்தது. இரண்டில் நின்றதற்குக் காரணம், ஒரு கண் என்றால் படத்தில் காலியிடம் அதிகமாகும் என்று நிழல் ஒன்று சொன்னதுதான்.

தண்ணீர் விவகாரம் எட்டாவது மேசையின் பொறுப்பு. தலைமைப் பொறியாளர் திருவேங்கடத்தின் நிழல். அது மொத்தம் மூன்று குறை சொல்லியிருந்தது. வடதிசைக் குறி வலது மேல் மூலையில் இல்லை. நாலாவது அடிக்குறிப்பின் எழுத்து மற்றவற்றைவிடச் சிறியது. கம்பிப் பட்டியலில் வரிசை எண் விட்டுப்போயிருக்கிறது. மூன்றும் திருத்தப்பட்டன. நிழல் ஒப்புதல் கொடுத்தது.

ஏன் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை என்று மங்கை இயந்திரத்தில் தட்டிப் பார்த்தாள். பதில் உடனே வந்தது.

"இவ்வதிகாரி பத்தொன்பது ஆண்டுகளில் எழுதிய குறிப்புகள்: 6,340. அவற்றுள் நீர் குறித்தவை: இல்லை. எனவே நீர் இவ்வதிகாரியின் அக்கறைக்கு உட்பட்டதன்று."

அதன் கீழே மாதிரிக்குச் சில பழைய குறிப்புகள். 'வடதிசைக் குறி கண்ணில் படுமாறு அமைத்து மீளச் சமர்ப்பிக்கலாகும்.' 'தலைப்புக் கட்டத்தின் கோடு தடித்துள்ளது, மெலிவிக்கலாகும்.' மங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். 'மெலிவிக்கலாகும்' என்று தமிழ்நாட்டில் எழுதக்கூடிய ஆள் ஒருத்திதான் உண்டு. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த தென்காசி வாத்தியாரும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தணிக்கை நடந்த ஒரு வாரத்தில், திருவேங்கடம் அறைக்கு வெளியே வந்து சொன்னார்: "மங்கை, எனக்கு மூச்சு விட நேரமில்ல. உங்க படத்துக்கு என்ன குறை சொல்லலாம்னு நீங்களே ஒரு டிராஃப்ட் போட்டுக் குடுத்துடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்." போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் தணிக்கை முடிந்தது. வழக்கம் முடியவில்லை.

தன் படத்துக்குத் தானே குறை எழுதுவது ஒரு கலை. பார்க்கிறவனுக்கு அதிகாரி கழுகுக்கண்ணன் என்று தோன்ற வேண்டும். அதே சமயம் அந்தக் குறையைச் சரிசெய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் ஏரியை அளக்க வேண்டும், முப்பது வருட மழையைக் கூட்ட வேண்டும், படத்தை முதலிலிருந்து போட வேண்டும். எந்தப் பைத்தியக்காரி தனக்கே அப்படிக் கேட்டுக்கொள்வாள்? அதற்காக அவள் தண்ணீரைப் பார்க்காமல் விட்டதில்லை. அந்தக் காலத்தில் படத்தைக் கையால் போட்டாள், போடும்போதே பார்த்துவிடுவாள். குறையில் எழுதமாட்டாள், அவ்வளவுதான். இப்போது படத்தை இயந்திரம் போடுகிறது. சரிபார்க்கிற இயந்திரம், அவள் எழுதாமல் விட்டதையெல்லாம் உலகத்தில் இல்லாதது என்று கற்றுக்கொண்டிருக்கிறது.

தான் ஒப்புதல் பெற்ற படத்தில் தானே பிழை இருப்பதாகப் பதிவுசெய்ய முயன்றாள். 'வடிவமைப்பாளர் குறை கூற விதியில்லை' என்றது இயந்திரம். எட்டாவது மேசையின் மனிதர் மட்டுமே நிழலை மறுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வருடத்துக்குப் பிறகு, மங்கை மறுபடி ஒரு வாசலில் நின்றாள்.

திருவேங்கடத்தின் மேசைமேல் ஒரு தாள்கூட இல்லை. திரையில் எதையோ படித்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். உத்தியோகம் போன முகமில்லை. உத்தியோகத்தை யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி அதில் இருந்தது.

"வாங்க மங்கை! உக்காருங்க. என் நிழலோட குறிப்புகளைத்தான் படிச்சிட்டிருந்தேன். தினமும் காலையில ஒரு பத்துப் படிப்பேன். சில நாள் எனக்கே பொறாமையா இருக்கு. என்ன கூர்மை! 'மெலிவிக்கலாகும்'. யாருக்கு வரும் இந்த வார்த்தை?"

"எனக்கு வரும் சார்."

"ஆங்?"

"அது நான் எழுதினது சார். டிராஃப்ட் குடுப்பேனே."

திருவேங்கடம் திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "எல்லாமேவா?"

"ரெண்டு தவிர."

"அந்த ரெண்டு எது?" என்றார் அவசரமாக. அந்த இரண்டிலாவது தான் இருக்கிறோமா என்ற ஆவல்.

"ஒண்ணு, 'பார்த்தேன்'. இன்னொண்ணு, 'நாளை வரும்போது சுகர் மாத்திரை வாங்கி வரவும்.' தப்பா ஃபைல்லயே எழுதிட்டீங்க. உங்க நிழல் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு படத்துல மாத்திரை கேக்குது சார். வாங்கிட்டு வர்றோம்னு பதில் போட்டதும் ஒப்புதல் குடுத்துடுது."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை. மங்கை முள்ளிக்கழியைச் சொன்னாள். ஆறு கண், ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் நல்ல பொறியாளர்தான். கேட்கக் கேட்க அவர் விரல் தானாக மேசையில் மேட்டையும் ஏரியையும் கோடிழுத்தது.

"குறைஞ்சது அஞ்சு வேணும்" என்றார் கடைசியில். "ஆறு இருந்தாலும் தப்பில்ல."

"அதை எழுதிக் குடுங்க சார். நிழல் தப்பு, எனக்கு ஆட்சேபம் இருக்குன்னு ஒரு வரி."

விரல் நின்றது. "தண்டபாணியைத் தெரியும்ல, பதினாலாம் மேசை? போன வருஷம் அவர் நிழல் சொன்னதை மறுத்து எழுதினாரு. என்ன ஆச்சு? மாறுபாட்டுக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. நிழல் மாறாது, அதனால மாறினது தண்டபாணிதான்னு முடிவு பண்ணி, ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. தன் நிழலோட ஒத்துப்போறதுக்குப் பயிற்சி. திரும்பி வந்ததுலேருந்து மனுஷன் எதுக்கெடுத்தாலும் தலையாட்டறாரு. மின்விசிறி சுத்தறதுக்குக் கூட."

"சார், வியாழக்கிழமை கான்கிரீட் ஊத்திடுவாங்க."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஏழு மாசம்தான் மங்கை."

"அந்த ஊருக்கு ஏழு வாரம் கூட இல்ல சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நானா சொல்லமாட்டேன். நீங்க சொல்லி, என்னைக் கேட்டாங்கன்னா, இல்லைன்னும் சொல்லமாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும். அதையும் யோசிச்சுத்தான் சொல்றேன்."

மங்கை எழுந்தாள். அவ்வளவாவது கிடைத்தது என்றுதான் இருந்தது. முப்பது வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒப்புதல்களில் பாதி இதைவிட மெலிந்தவை.

அன்று மாலைக்குள் தெரிந்த ஆலோசனை நிறுவனங்களுக்கெல்லாம் பேசினாள். கேள்வி ஒன்றுதான்: உங்கள் படத்துக்கான குறையை அதிகாரிக்கு நீங்களேதான் எழுதிக்கொடுத்தீர்களா? யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரே ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நீங்களுமா?" என்றார்.

புதன்கிழமை சத்தியசீலன் பத்து நிமிடம் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு இரண்டு மாநிலங்களிலிருந்து நிழல்களைப் பார்த்து வாங்கிப்போக ஆட்கள் வருகிறார்கள். வரவேற்பறையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மங்கை எழுதிக்கொண்டு வந்திருந்த கடிதத்தை அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் திருவேங்கடத்துக்குப் பேசினார். "இதெல்லாம் உண்மையா?" என்றார். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, "இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார்" என்று ஒரு குரல். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"அதாவது" என்றார் சத்தியசீலன், "நீங்க போட்ட படத்தை நீங்களே சரிபாத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"மத்த முப்பது நிழலும்?"

"மத்தவங்களும் அப்படித்தான் போல சார்."

"அப்ப மூணு வருஷமா இந்தக் கழகத்துல அதிகாரிங்க யாருமே இல்ல. கன்சல்டன்ட்டுங்க கன்சல்டன்ட்டுங்களையே செக் பண்ணிட்டிருந்திருக்காங்க." அவர் குரலில் கோபமில்லை, ஒரு கணக்கு கடைசியில் நேரான திருப்தி இருந்தது. "ரிசல்ட் எப்படி?"

"வடதிசைக் குறி எல்லாப் படத்துலயும் சரியா இருக்கு சார்."

சத்தியசீலன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கிண்டலா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்குக் கால் வலித்தது.

"இதை வெளிய சொல்ல முடியாது. புரியுதா? நிழல் தப்புன்னு ஒரு வரி எழுதினா ரெண்டாயிரத்துச் சொச்சம் படமும் செல்லாது. பாதி தூண் நிக்குது. அதையெல்லாம் என்ன பண்றது, திரும்பப் பிடுங்கறதா?" நெற்றியைத் தடவிக்கொண்டார். "வேற வழி ஒண்ணு இருக்கு. அழகியல் குழு."

கழகத்தில் அப்படி ஒரு குழு இருந்தது. ஓய்வுபெற்ற இரண்டு பேராசிரியர்களும் ஒரு சிற்பியும். அவர்களுக்கு நிழல் இல்லை. நிழல் வளர்க்க அவர்கள் இதுவரை ஒரு குறிப்பும் எழுதியதில்லை. ஆகவே கழகத்திலேயே மனிதர்கள் கையெழுத்தில் மாற்றம் செய்யக்கூடிய ஒரே இடம் அதுதான் என்பதை, அதை அமைத்தவர்களே மறந்திருந்தார்கள்.

"பழைய பாலத்தோட தோற்றத்தைக் காப்பாத்தறோம்னு போட்டுடலாம். அழகுக்காகக் கண்ணைக் கூட்டறோம். மூணு வெச்சுக்கங்க. அழகுக்கு மூணு போதும்."

"அஞ்சு சார்."

"நாலு. நாலு ரொம்ப அழகா இருக்கும்மா."

"அஞ்சு சார். இல்லேன்னா இந்த லெட்டரை நாளைக்குப் பத்திரிகைக்குக் குடுப்பேன்." சொன்னது தன் குரல்தான் என்பதை மங்கை ஒரு நொடி கழித்துத்தான் உணர்ந்தாள். மிரட்டலில் ஒரு வீராப்பும் இல்லை. பால் பாக்கெட் இரண்டு போடச் சொல்வதுபோல வந்தது.

சத்தியசீலன் வரவேற்பறைப் பக்கம் பார்த்தார். தோரணம் கட்டுகிறவன் ஏணியில் நின்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "சரி. அஞ்சு" என்றார்.

மங்கை நகரவில்லை. "மொத்தம் அறுபத்துநாலு சிறுபாலம் சார். இது ஒண்ணுதான். மீதி அறுபத்துமூணையும் நிழல்தான் பாத்திருக்கு."

"அத்தனையையும் அழகுபடுத்த முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். அதிகாரி என்றாலும் மோசமான மனிதர் இல்லை. மோசமாக இருக்கக்கூட நேரம் வேண்டும். "ஒரு வழி இருக்கு. உங்க மேல குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒப்பந்தப்படி கன்சல்டன்ட்டுக்கும் அது உண்டு. ஒழுங்கு நடவடிக்கை. நீங்க அதிகாரிக்கு டிராஃப்ட் எழுதிக் குடுத்தது, அதுல தண்ணியை விட்டது, இதெல்லாம் குற்றச்சாட்டா பதிவாகணும். குற்றச்சாட்டுல என்ன இருக்கோ, விசாரணை அதைத்தான் பாக்கும். அதுல தண்ணி இருந்தா, விசாரணை அதிகாரி தண்ணி சம்பந்தப்பட்ட எல்லாப் படத்தையும் திறக்கலாம். அது உள்ள நடக்கிற விசாரணை, வெளிய போகாது. ஆனா உங்க பேரு கெடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல சார்" என்றாள். உண்மையாகவே பரவாயில்லை என்றுதான் இருந்தது. பேரைச் சுமப்பதும் ஒரு வேலைதானே, கொஞ்ச நாள் இறக்கி வைக்கலாம்.

வியாழக்கிழமை கான்கிரீட் ஊற்றவில்லை. வெள்ளியன்று அழகியல் குழு, தன் வரலாற்றின் முதல் குறிப்பை எழுதியது: 'இவ்வட்டாரத்தின் மரபுத் தோற்ற நயம் கருதி, சிறுபாலத்துக்கு ஐந்து கண்கள் அமைவது ரசனைக்குரியது.' ஆலை புது அளவை ஏற்றுக்கொண்டது. காஜா முகைதீன் அந்த வரியைத் தொலைபேசியில் உரக்கப் படித்தார்.

"அழகுக்காவா?" என்று பின்னாலிருந்து பாஞ்சாலி கேட்டாள். "எங்க ஊரு அழகா இருக்கணும்னு இவங்களுக்கு என்னிக்கிருந்து அக்கற?" பிறகு கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "அம்மா, எதுக்காவோ வெச்சுட்டுப் போறாங்க. தண்ணி பூந்து போனாச் சரி. நீங்க ஒருநாள் வாங்க, எறா வறுத்துத் தரேன்."

"கண்டிப்பா வரேங்க."

"அப்புறம், எங்களுக்குத் தெக்கால பனையடிக்குப்பம் இருக்கு, அங்கயும் மேடுதான் போட்டிருக்காங்க. அதுக்கு எத்தினி கண்ணு?"

"அதுக்குத்தாங்க ஒரு ஏற்பாடு ஆவுது. எல்லாத்தையும் திறந்து பாக்கப்போறாங்க."

"யாரு பாக்கறாங்க? மனுசங்களா?"

"மனுசங்கதான்."

திங்கட்கிழமை, கழகத்தின் பணியமைப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம்.

'தங்கள்மீது பிறப்பிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை தொடர்பாக. இப்பிரிவில் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றோர் எவரும் தற்போது இல்லாத காரணத்தால், மேற்படி குறிப்பாணையின் வரைவைத் தாங்களே தயாரித்து, செவ்வாய் மாலைக்குள் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

மங்கை ஒரு காப்பி குடித்தாள். கதவைச் சாத்தினாள். விசைப்பலகையில் கை வைத்ததும் சொற்கள் பழகிய வேகத்தில் வந்தன. கடுமையாக எழுதினாள். படிக்கிறவன் நிமிர்ந்து உட்காரும்படி எழுதினாள். உரிய அலுவலரின் முன் அனுமதியின்றி மேலாண்மை இயக்குநரை நேரில் அணுகியமை. கடிதத்தில் கோப்பு எண் குறிப்பிடத் தவறியமை. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்மீது விதிக்குப் புறம்பாக ஐயம் எழுப்பியமை. அதிகாரிக்குரிய மொழிநடையைப் பல்லாண்டுகளாகத் தாமே கையாண்டமை. பத்திரிகையைக் குறிப்பிட்டு மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியமை. இப்படி ஏழு. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒருமுறை படித்துப் பார்த்து, மூன்றாவது குற்றச்சாட்டில் ஒரு கால்புள்ளியைத் திருத்தி, அனுப்பினாள்.

புதன்கிழமை குறிப்பாணை கையெழுத்தாகி, முத்திரையோடு அவள் மேசைக்கு வந்தது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கூடவே திருவேங்கடத்திடமிருந்து ஒரு செய்தி: 'படித்தேன். ஒவ்வொரு குற்றச்சாட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. யார் எழுதினது?' விசாரணை அதிகாரி அன்று மதியமே வேலையைத் தொடங்கிவிட்டார். கோப்பு எண் விடுபட்ட கடிதத்தின் நகலைத்தான் முதலில் கேட்டனுப்பினார்.

மங்கை குறிப்பாணையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு கடைசியிலிருந்து ஆரம்பம்வரை படித்தாள். ஏழு குற்றச்சாட்டுகளில் ஒன்றில்கூட அவள் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கவில்லை.